மேல்மண் வெடிக்கிறது, அடிமண் நாறுகிறது: ஆமைத் தொட்டிக்குள் வைத்த சாடிகளுக்கு என்ன மண்?

இரணைமடுக்காரன் (கிளிநொச்சி)

எல்லோருக்கும் வணக்கம். நான்கு அடி நீளக் கண்ணாடித் தொட்டியில் இரண்டு சிவப்புக் காது ஆமைகள் வளர்க்கிறேன். மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மீதி, அவை ஏறி வெயில் காய்வதற்காகச் செங்கல் அடுக்கிய மேடு. அந்த மேட்டின் பின்வரிசையில் மூன்று பூச்சாடிகள் வைத்தேன். ஒன்றில் மருள் (பாம்புச்செடி), ஒன்றில் மணிபிளான்ட், ஒன்றில் பெப்பரோமியா. மேலே வலைக்கதவு இருக்கிறது. பூனைத் தொல்லை தாங்காமல் அதன்மேல் ஒரு பலகையும் போட்டிருக்கிறேன்.

வைத்து ஆறு வாரம் ஆகிறது. மணிபிளான்டின் கீழ் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுகின்றன. பெப்பரோமியா துணி போலத் துவண்டுவிட்டது. மருள் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது, ஆனால் அடியைத் தொட்டால் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. சின்னச் சின்னக் கறுப்பு ஈக்கள் வேறு.

மண் நானே கலந்தது. வளவில் இருக்கும் புற்றை உடைத்தெடுத்த மண் பாதி, மாட்டெரு பாதி. அடியில் இரண்டு அங்குலத்துக்குச் சல்லி போட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு பேணி தண்ணீர் ஊற்றுகிறேன். இப்போது சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலம் என்பதால் மேல்மண் காய்ந்து வெடிக்கிறது. செடி வாடுவதைப் பார்த்து இரண்டு பேணியாக்கினேன். ஊற்ற ஊற்ற இன்னும் வாடுகிறது. எங்கே பிழை விடுகிறேன்?

பாலைப்பழம் (முல்லைத்தீவு)

தம்பி, இனி ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம். பெப்பரோமியாச் சாடியை வெளியே எடுத்துக் கவிழ்த்து, மண்ணோடு செடியை உருவிப் பாருங்கள். வேர் என்ன நிறம், மண் என்ன வாசம் என்று எழுதுங்கள். படம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் மூக்குப் போதும்.

இரணைமடுக்காரன் (கிளிநொச்சி)

அக்கா, உருவினேன். மேலே ஒரு அங்குலம் ஓடு மாதிரிக் காய்ந்திருக்கிறது. அதற்குக் கீழே களி. விரலை விட்டால் ஒட்டிக்கொண்டு வருகிறது. சல்லிக்கு மேலே இருக்கும் மண் சாம்பல் கலந்த கறுப்பு நிறம், வற்றிய குளத்துச் சேற்றின் நாற்றம். வேர் ஒன்றைப் பிடித்து மெல்ல இழுத்தேன். மேல்தோல் உறை போலக் கழன்று கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் போல ஒரு நரம்புதான் மிஞ்சியது. சல்லிக்குள் கொஞ்சம் தண்ணீர் அப்படியே தேங்கி நின்றது.

அந்த நாற்றத்துக்கு வீட்டில் எனக்குக் கிடைத்த பேச்சை இங்கே எழுதவில்லை.

மருதோடை (வவுனியா வடக்கு)

தம்பி, நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். ஆமை, பல்லி பற்றி எனக்குத் தெரியாது. மண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

உறை கழன்று நூல் மிஞ்சுவது வேரழுகலின் கையெழுத்து. உங்கள் செடி தாகத்தால் வாடவில்லை. மூச்சு முட்டி வாடுகிறது. வேருக்கும் ஒட்சிசன் வேண்டும். மண் துகள்களுக்கிடையே உள்ள இடைவெளி எல்லாவற்றையும் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் செத்துப்போகிறது, நலிந்த வேரைப் பிதியம் போன்ற, பூஞ்சணத்தை ஒத்த நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்குகின்றன. வேர் போனபின் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் செடியால் உறிஞ்ச முடியாது. ஆகவே இலை துவளுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தாகம் போலத்தான் தெரியும், அவர் இன்னொரு பேணி ஊற்றுவார். நீங்கள் மட்டும் அல்ல, உலகம் முழுக்கச் சாடிச்செடி இப்படித்தான் சாகிறது.

எங்கள் ஊர் வெப்பம் இதை இன்னும் விரைவாக்கும். தண்ணீர் சூடாக இருந்தால் அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைவு, வேரோ சூட்டில் கூடுதலாக மூச்சு வாங்கும். குளிர்நாட்டுக்காரர் ஒரு மாதம் சேற்றில் வைத்துக் கொல்லும் செடியை நாங்கள் பத்து நாளில் கொன்றுவிடலாம்.

இனிப் புற்றுமண். கறையான் ஆழத்திலிருந்து நுண்ணிய களித்துகளைப் பொறுக்கி, எச்சில் சேர்த்து ஒட்டிக் கட்டுவது அது. அதனால்தான் எங்கள் அம்மாக்கள் அடுப்புப் போடவும் சுவர் மெழுகவும் அதைத் தேடிப்போனார்கள். தண்ணீரை உள்ளே விடாமல் இறுகுவதுதான் அதன் நற்குணம், சாடிக்குள் அதே குணம்தான் வினை. வயல் வரம்புக்குப் போட வேண்டியதைச் செடிக்குப் போட்டிருக்கிறீர்கள். மன்னார்ப் பக்கத்து முருங்கன் கறுப்புக் களியும் இப்படித்தான். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். ஒரு காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு அங்கிருந்துதான் களி கொண்டுபோனார்கள். நெல்லுக்கு அது அருமையான மண், ஏழு அங்குலச் சாடிக்கு அல்ல.

அடுத்தது சல்லி. இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். அடியில் சல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்பது தவறு. நுண்ணிய மண்ணில் இருக்கும் தண்ணீர், அந்த மண்ணின் அடிப்பகுதி தெப்பமாக நனைந்து முடியும்வரை கீழே உள்ள பருத்த கல்லுக்குள் இறங்காது. சாடியின் அடியில் நிற்க வேண்டிய ஈரப்பட்டை சல்லிக்கு மேலே, அதாவது வேருக்குப் பக்கத்தில் நிற்கும். நீங்கள் வடிகால் கட்டவில்லை தம்பி, குளக்கட்டு கட்டியிருக்கிறீர்கள்.

நம்பாவிட்டால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பொஞ்சு ஒன்றை நன்றாக நனைத்து, உள்ளங்கையில் தட்டையாகப் படுக்க வையுங்கள். சொட்டி முடியும்வரை பொறுங்கள். பிறகு அதையே நீளவாக்கில் செங்குத்தாக நிறுத்துங்கள். திரும்பவும் தண்ணீர் கொட்டும். அதே ஸ்பொஞ்சு, அதே தண்ணீர், உயரம் மட்டும்தான் மாறியது. அடியில் நிற்கும் ஈரப்பட்டையின் உயரத்தை முடிவுசெய்வது மண்ணின் துகள் பருமன். சாடி குட்டையோ உயரமோ, அந்தப் பட்டை அதே அளவுதான். ஆகவே குட்டைச் சாடியில் பாதி மண் எப்போதும் சேறு. உங்கள் தொட்டிக்குள் கொள்ள வேண்டும் என்பதற்காகக் குட்டைச் சாடிதான் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இரணைமடுக்காரன் (கிளிநொச்சி)

ஆம் ஐயா. நான்கு அங்குல உயரம். அதில் இரண்டு அங்குலம் சல்லி. இப்போது கணக்குப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஸ்பொஞ்சு வேலையை மகளுக்குச் செய்து காட்டினேன், அவள் நான்கு தரம் திரும்பச் செய்தாள்.

ஓட்டுத்துண்டு (மாங்குளம்)

மருதோடை ஐயாவுக்கு மதிப்புடன் ஒரு மறுப்பு. எங்கள் அம்மம்மா வாழ்நாள் முழுவதும் சாடிக்கு அடியில் உடைந்த ஓடும் கல்லும் போட்டுத்தான் வைத்தார். அவருடைய குரோட்டன்கள் ஆள் உயரம் வளர்ந்தன. அவர் செய்தது எல்லாம் பிழை என்று சொல்கிறீர்களா?

மருதோடை (வவுனியா வடக்கு)

அம்மம்மாவின் சாடி எங்கே இருந்தது? முற்றத்தில். மெருகு பூசாத பெரிய மண்சாடியாக இருந்திருக்கும், பக்கச்சுவர் வழியாகவே ஈரம் ஆவியாகும். பகல் முழுக்க வெயில், வைகாசி தொடங்கினால் சோளகம். அந்தக் காற்று கிணற்றையே குடித்துவிடும், ஒரு சாடி எம்மாத்திரம்? கல் செய்யாத வேலையைக் காற்று செய்தது. புகழ் கல்லுக்குப் போய்விட்டது. துளையை மூட ஒரேயொரு ஓட்டுத்துண்டு வைப்பதில் தப்பில்லை, மண் கொட்டாமல் இருக்கும். அம்மம்மாவை நான் குறை சொல்லவில்லை.

பாலைப்பழம் (முல்லைத்தீவு)

ஐயா சொன்ன இடத்தில்தான் கண்ணாடித் தொட்டியின் சூட்சுமம் இருக்கிறது. அங்கே காற்று இல்லை. மூடி போட்ட பெட்டி, பாதித் தொட்டிக்கு மேல் தண்ணீர், உள்ளே எப்போதும் ஈரக்காற்று. செடி இலை வழியாக நீரை வெளிவிடுவதும் குறையும், மண்ணிலிருந்து ஆவியாவதும் குறையும். அதற்கு மேல் பலகை போட்டு வெளிச்சத்தையும் மறைத்துவிட்டார். வெளிச்சம் குறைந்தால் செடியின் தாகமும் குறையும். முற்றத்தில் இரண்டு நாளில் முடியும் தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் இரண்டு வாரம் நிற்கும்.

ஆனால் மேல்மண் வெடிக்கிறது என்கிறாரே என்று கேட்பீர்கள். ஆமைகள் காய்வதற்கு விளக்கு வைத்திருக்கிறீர்கள் அல்லவா தம்பி? அதன் சூடு சாடியின் மேல்தோலை மட்டும் சுடுகிறது. மேல்மண் சொல்வதைக் கேட்டு ஊற்றினால் இப்படித்தான் ஏமாற வேண்டும்.

இரணைமடுக்காரன் (கிளிநொச்சி)

விளக்கு சரியாகப் பெப்பரோமியாவுக்கு மேலேதான் இருக்கிறது அக்கா. நீங்கள் வந்து பார்த்ததுபோல் சொல்கிறீர்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஊற்றியது கிணற்றுத் தண்ணீர் அல்ல. ஆமைத் தொட்டி கழுவும் தண்ணீர். எரு என்று நினைத்து ஊற்றினேன்.

மருதோடை (வவுனியா வடக்கு)

எருதான். ஆமைக் கழிவில் நைதரசன் இருக்கிறது. அதை வாழைக்கு ஊற்றுங்கள், வாழை உங்களை வாழ்த்தும். ஏற்கெனவே பாதி மாட்டெரு உள்ள சிறு சாடியில், காற்றும் புகாத மண்ணில், அதையும் ஊற்றினால் அழுகலுக்கு விருந்து வைத்தது போலத்தான். இந்தச் சாடிகளுக்கு மாட்டெருவே வேண்டாம். மூடிய பெட்டிக்குள் அது ஈயை வளர்க்கும், நாற்றத்தை வளர்க்கும். மருளும் மணிபிளான்டும் பட்டினி கிடந்தே வளரும் சாதி.

வற்றாப்பளை\_ரொறன்ரோ (கனடா)

நான் பிறந்தது வற்றாப்பளை, இருப்பது ரொறன்ரோ. இங்கே என்னிடம் ஒரு சிறுத்தைப் பல்லி இருக்கிறது. இந்த நாட்டில் கடையில் வாங்கி வளர்க்கிறார்கள். அது பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பக்கத்து வறண்ட கல்நிலத்துப் பிராணி. அதன் பெட்டிக்குள் காற்றின் ஈரப்பதம் பொதுவாக நூற்றுக்கு 30 முதல் 40 வரை இருக்க வேண்டும். அங்கே ஈரச்சாடி வைத்தால் செடிக்கு மட்டும் அல்ல, பிராணிக்கும் கேடு. ஈரத்தில் கிடந்தால் அடிவயிற்றுச் செதில் புண்ணாகும், நுரையீரல் நோய் வரும். ஆமைக்கும் அந்தக் காயும் மேடு முழுதாக உலர்ந்திருக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். ஓடு உலராமலே இருந்தால் அதிலும் அழுகல் பிடிக்கும்.

நான் செய்த பிழையைச் சொல்கிறேன். கடையில் விற்கும் சாடிமண் பை ஒன்றை வாங்கி அப்படியே போட்டேன். அதில் மண்ணை இளக்கச் சேர்க்கும் வெள்ளைப் பெர்லைட் மணிகள், அவற்றோடு மஞ்சள் உருண்டைகள். மஞ்சள் உருண்டை மெல்லக் கரையும் உரம், பார்ப்பதற்கு ஏதோ பூச்சியின் முட்டை போலவே இருக்கும். ஒரு நாள் காலையில் பல்லி சாடி விளிம்பில் நின்று அந்த உருண்டையை நக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டினேன். பெர்லைட்டும் கூடாது. மண் நனையும்போது மிதந்து மேலே வரும், வெள்ளையாக அசையும், வாயில் போடத் தோன்றும், குடலில் அடைக்கும்.

கடையில் வாங்கிய செடியைச் சில வாரம் வெளியே வைத்திருந்து, இலையைக் கழுவி, வேரைச் சுற்றிய பழைய மண்ணையும் கழுவி, புது மண்ணில் நட்டபிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். விற்பனைக்கு வளர்ப்பவர்கள் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். சில மருந்துகள் செடியின் சாறிலேயே ஓடும், கழுவினால் போகாது. பல்லிக்கு விடும் வெட்டுக்கிளி அந்த இலையைத் தின்னும், பல்லி வெட்டுக்கிளியைத் தின்னும்.

ஓட்டுத்துண்டு (மாங்குளம்)

சரி, குற்றம் எல்லாம் கேட்டாயிற்று. நல்ல மண் எது என்று யாராவது சொல்லுங்கள்.

பாலைப்பழம் (முல்லைத்தீவு)

கன்று விற்று வாழ்கிறவள் நான், சொல்கிறேன். பெர்லைட் தேடி அலைய வேண்டியதில்லை. எங்கள் வன்னியில் கிடைப்பதை வைத்தே கலக்கலாம்.

தேங்காய்த் தும்புத்தூள் இரண்டு பங்கு. உமிக்கரி ஒரு பங்கு. பருத்த ஆற்றுமணல் ஒரு பங்கு. அரித்த செம்மண் ஒரு கைப்பிடி, அதுவும் மனம் கேட்காவிட்டால் மட்டும். இது மணிபிளான்டுக்கும் பெப்பரோமியாவுக்கும். மருளுக்குத் தும்புத்தூளைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்துக்கு மணலும் பயறளவுக்கு உடைத்த செங்கல் துண்டும் போடுங்கள். கற்றாழைக்கும் அதுவே.

தும்புத்தூளை அப்படியே போடாதீர்கள். அதில் உப்பு இருக்கும், தேங்காய் மட்டையை உப்புநீரில் ஊறப்போட்ட தூள் என்றால் சொல்லவே வேண்டாம். வாளியில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்ப ஊறவையுங்கள். முதல் தண்ணீர் தேநீர்ச் சாயம் போல வரும். அது வெளிறும்வரை செய்ய வேண்டும், எனக்கு மூன்று தரம் தேவைப்படும்.

உமிக்கரியையும் கழுவ வேண்டும். அது காரத்தன்மை உள்ளது. எங்கள் கிணற்றுத் தண்ணீரும் கடினநீர், மண்சாடியின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கிறதே, அதுதான். இரண்டும் சேர்ந்தால் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக இருக்க, இளம் இலை மட்டும் வெளிறும். தண்ணீர் கூடியதால் வரும் மஞ்சள் பெரும்பாலும் கீழ்ப்பக்கத்து முதிர்ந்த இலையில் தொடங்கும். இந்த வேறுபாட்டைக் கண்ணில் பதித்துக்கொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. மாரியில் கூரைப் பீலியால் வடியும் மழைத் தண்ணீரை இரண்டு பெரிய போத்தலில் பிடித்து வையுங்கள், மூன்று சாடிக்கு அது நெடுநாள் வரும்.

மணல் பற்றி ஒரு சொல். எங்கள் ஊரில் காலடியில் கடல்மணல் கிடக்கிறது. அதை எடுக்க வேண்டாம். உப்பு ஒரு பக்கம், அது மிகவும் நுண்ணியது என்பது இன்னொரு பக்கம். நுண்மணல் இடைவெளியை அடைக்கும், பருமணல்தான் திறக்கும். சிமெந்து பூசுவதற்கு அரித்து மேசன்மார் வீசும் கப்பிதான் நமக்கு வேண்டியது. வேலை நடக்கும் வீட்டில் கேட்டால் சும்மா தருவார்கள்.

கலந்தபின் ஒரு பிடி எடுத்து நனைத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்து விரலால் தட்டினால் உதிர வேண்டும். கொழுக்கட்டை போல நின்றால் இன்னும் மணல் போடுங்கள்.

மருதோடை (வவுனியா வடக்கு)

மேலே பிள்ளை எழுதியதில் எனக்குத் திருத்த ஒன்றும் இல்லை. சாடியின் பருமன் மட்டும் சேர்க்கிறேன். வேர்க்கட்டியைச் சுற்றி இரண்டு விரல் இடம் போதும். சின்னச் செடிக்குப் பெரிய சாடி வைத்தால் வேர் எட்டாத மண்ணில் நீர் தேங்கும். அகலத்தில் கஞ்சத்தனம், உயரத்தில் தாராளம்.

முழங்காவில்\_பையன் (முழங்காவில்)

அண்ணாமார், அக்காமார், குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் காணிப் பற்றைக்குள் ஒரு நட்சத்திர ஆமை வந்திருக்கிறது. முதுகில் மஞ்சள் கோடு போட்ட அழகான ஆமை. அதற்கு ஒரு பெட்டி செய்து இந்த மண்ணைப் போட்டு வளர்க்கலாமா? என்ன செடி வைக்கலாம்?

மருதோடை (வவுனியா வடக்கு)

தம்பி, அதை எடுத்த இடத்திலேயே விடுங்கள். எடுக்கவில்லை என்றால் தொடவே வேண்டாம். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட பிராணி. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். கடத்தல் தாங்காமல் 2019இல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் முதலாம் அட்டவணைக்கே அதை ஏற்றிவிட்டார்கள். குளத்தில் வாழும் பாலாமையும் இங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டதுதான், குளத்தில் பிடித்தேன் என்று யாரும் இங்கே படம் போட வேண்டாம். உங்கள் பற்றைதான் அதன் பெட்டி. அங்கே அது புல்லும் விழுந்த பழமும் தின்று நன்றாக இருக்கும். பற்றைக்குத் தீ வைக்காமல் இருந்தாலே போதும்.

முழங்காவில்\_பையன் (முழங்காவில்)

எடுக்கவில்லை ஐயா. படம் மட்டும் எடுத்தேன். இப்போது அது வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

இரணைமடுக்காரன் (கிளிநொச்சி)

என்னிடம் இருப்பவை வேறொருவர் கடையில் வாங்கியவை. அவர் வளர்க்க முடியாமல் குளத்தில் விடப் போனார், நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வற்றாப்பளை\_ரொறன்ரோ (கனடா)

நல்ல வேலை செய்தீர்கள். சிவப்புக் காது ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்துச் சரக்கு. விட்ட நாட்டில் எல்லாம் உள்ளூர் ஆமையின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும், உலகின் மிக மோசமான 100 ஊடுருவி இனங்களின் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது. இரணைமடுக் குளத்துக்குள் அது போகவே கூடாது.

இரண்டில் ஒன்று பெண்ணா? பெண் என்றால் முட்டையிடும் பருவத்தில் மண் தேடி உங்கள் சாடியைத்தான் தோண்டும். மண்ணின் மேல் அதன் தலையைவிடப் பெரிய தட்டைக்கற்களைப் பரப்பி வையுங்கள். விழுங்கவும் முடியாது, தோண்டவும் முடியாது. கல்லுக்கு இடையில் விரல் விடும் அளவுக்கு இடம் இருந்தால் போதும். இலையைக் கடிக்கிறதா என்றும் கவனியுங்கள். வளர்ந்த ஆமை பச்சையைத் தின்னும், மணிபிளான்ட் இலையில் வாயை அரிக்கும் ஒட்சலேற்றுப் படிகங்கள் உண்டு. அதை எட்டாத உயரத்தில் தொங்கவிடுவது மேல். இங்கே பலர் பெட்டிக்குள் வைக்கிறார்கள், என் கைக்கு அது வரவில்லை.

பாலைப்பழம் (முல்லைத்தீவு)

இனி எப்போது ஊற்றுவது என்ற கேள்வி. நாள் கணக்கை விட்டுவிடுங்கள். "ஒரு நாள் விட்டு ஒரு நாள்" என்பது மாத்திரைக்கு.

ஒரு ஈர்க்கு எடுங்கள். விளக்குமாற்றிலிருந்து உருவினாலும் சரி, புதிது என்றால் நல்லது. சாடியின் ஓரமாக அடிவரை செருகி, நூறு எண்ணும்வரை விட்டு, உருவிப் பாருங்கள். மண் ஒட்டி, நிறம் கறுத்து வந்தால் ஈரம் இருக்கிறது. நடுவில் மட்டும் கறுத்தால் அங்கே மட்டும் ஈரம். பழைய உலர்ந்த ஈர்க்குப் போலவே வெளியே வந்தால் ஊற்றலாம். ஈர்க்கை உதட்டின்மேல் வைத்துப் பார்க்கும் பழக்கமும் எனக்கு உண்டு, உதட்டில் குளிர்ச்சி தெரிந்தால் ஈரம். ஆமைத் தொட்டிக்குள் இருந்து எடுத்ததை உதட்டில் வைக்காதீர்கள், சல்மொனெல்லாக் கிருமி இருக்கும். கன்னத்தில்கூட வேண்டாம். கையையும் கழுவுங்கள்.

ஓட்டுத்துண்டு (மாங்குளம்)

நான் தராசு வைத்து நிறுப்பேன். சிரிக்க வேண்டாம். கடையில் சீனி நிறுக்கும் தராசில், என் மருள்சாடி, ஊற்றி வடிந்தபின் 1,640 கிராம். முற்றாகக் காய்ந்தபோது 1,120. இப்போது 1,200க்குக் கீழே இறங்கினால்தான் ஊற்றுகிறேன். கோடையில் வீட்டுக்குள் அதற்குப் பதினெட்டு நாள் எடுத்தது. போன மார்கழியில் முப்பத்தாறு நாள். ஒரே சாடி, ஒரே செடி. நான்கைந்து தரம் நிறுத்தபின் தராசும் தேவையில்லை, கை தூக்கினாலே சொல்லும்.

அம்மம்மா விடயத்தில் ஐயா வென்றுவிட்டார் என்று இதற்குப் பொருள் இல்லை.

மருதோடை (வவுனியா வடக்கு)

முப்பத்தாறு நாள் என்று எழுதினீர்களே, அதை எல்லோரும் ஒருமுறை வாசியுங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை எங்கள் காற்றே ஈரத்துணி. மழையிருட்டு வேறு, செடிக்கு வெளிச்சம் இல்லை. அந்த மாதங்கள் முழுவதும் கண்ணாடித் தொட்டியின் சாடிக்கு அநேகமாக ஒன்றும் தேவைப்படாது. காலையில் கண்ணாடியின் உட்பக்கம் வியர்த்துப் பகல் பத்து மணிக்கும் காயாமல் நின்றால், ஊற்றுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், மூடியைத் திறப்பதைப் பற்றி யோசியுங்கள். தம்பி அந்தப் பலகையை எடுத்துவிட்டு, பூனைக்குக் கனமான வலையாகப் போடலாம்.

பாலைப்பழம் (முல்லைத்தீவு)

ஊற்றும்போது சாடியை வெளியே எடுத்து ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதும் பிழை, மேல்பக்கம் மட்டும் நனையும், உப்பும் வெளியே போகாமல் மண்ணிலேயே சேரும். அடித்துளையால் ஓடும்வரை நிறைய ஊற்றி, அரை மணிநேரம் சாய்த்து வைத்து வடியவிட்டு, பிறகு உள்ளே வைக்க வேண்டும். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். மேட்டில் வைக்கும்போது அடியில் மூன்று ஓட்டுத்துண்டு கொடுத்துத் தூக்கி வையுங்கள், துளைக்குக் காற்றுப் போகட்டும். (மாங்குளத்தாருக்கு ஓட்டை வைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது.)

அந்தக் கறுப்பு ஈ, ஈரமான மேல்மண்ணில் முட்டையிடும் பூஞ்சண ஈ. மேலே அரை அங்குலம் பருமணல் போட்டு, மண்ணை நன்றாகக் காயவிட்டால் தானாகக் குறையும். மஞ்சள் ஒட்டுத்தாளைத் தொட்டிக்குள் தொங்கவிடாதீர்கள். வெளியே வைக்கலாம். உள்ளே வைத்து ஒருவருடைய பல்லிக்குட்டி ஒட்டிக்கொண்ட கதை எனக்குத் தெரியும், எண்ணெய் பூசி எடுக்க ஒரு மாலை முழுவதும் போனது.

இரணைமடுக்காரன் (கிளிநொச்சி)

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். வயல் வேலை.

பெப்பரோமியா தப்பவில்லை. மணிபிளான்டில் நல்ல தண்டாக நான்கு துண்டு வெட்டிப் போத்தல் தண்ணீரில் வைத்தேன். பன்னிரண்டாம் நாள் கணுவிலிருந்து வெள்ளை வேர் வந்தது. மருளின் கிழங்கில் மெத்தென்ற பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை மூன்று நாள் நிழலில் காயவைத்து, வெட்டிய வாயில் தோல் கட்டியபின் நட்டேன்.

மண் அக்கா சொன்ன கணக்கு. தும்புத்தூளை நான்கு தரம் கழுவினேன். உமிக்கரி பக்கத்து அரிசி ஆலையின் உமியை எடுத்து நானே சுட்டது, முதல் தரம் சாம்பலாகப் போய்விட்டது. கரியாகும்போதே தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும் என்று இரண்டாம் தரம்தான் புரிந்தது. சாடிகள் எட்டு அங்குல உயரம், சல்லி இல்லை, துளைக்கு ஓர் ஓட்டுத்துண்டு. பழைய மண்ணை வாழையடியில் கொட்டினேன். புற்றுமண்ணில் மிஞ்சியதை மனைவி அடுப்புக்கு எடுத்துக்கொண்டார், அது அங்கே நன்றாகத்தான் இருக்கிறது.

நட்டபின் மருளுக்கு இதுவரை இரண்டே தரம் ஊற்றியிருக்கிறேன். இந்தப் பலகைத் துண்டு போன்ற செடியை நான் வாரத்துக்கு மூன்று நான்கு தரம் குளிப்பாட்டியிருக்கிறேன் என்பதை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. நேற்று ஓரத்தில் மண்ணை விலக்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வேர், பச்சரிசி நிறம். திரும்ப மூடிவிட்டேன்.

ஈர்க்கைச் செருகும் வேலை இப்போது மகளுடையது. ஒவ்வொரு சாடியிலும் ஒன்று நிற்கிறது. பெரிய ஆமை அவற்றில் ஒன்றைக் கடித்து முறித்துவிட்டது, ஆகவே மேட்டு ஓரத்துச் சாடிக்கு மட்டும் ஈர்க்குப் பார்த்தவுடன் வெளியே எடுத்துவிடுகிறோம்.

பாலைப்பழம் (முல்லைத்தீவு)

வேரைத் தினமும் தோண்டிப் பார்க்காதீர்கள் தம்பி. பெப்பரோமியா இலைத்துண்டு என்னிடம் இருக்கிறது, கிளிநொச்சிச் சந்தைக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன். ஒரு யோகட் கோப்பையில் துளையிட்டு அந்தக் கலவையை நிரப்பி வையுங்கள், பெரிய சாடி வேண்டாம்.